சாவின் வாசலில் இருந்து திரும்பியவர்கள்

"இனி இவன் பிழைத்து என்ன பயன்?"

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, எப்படியோ பிழைத்துக்கொண்டவனைப் பார்த்து ஊரார் இப்படிப் பேசுவது உண்டு.

"ஒரு தடவை துணிந்தவன் மறுபடியும் துணிவான்" என்று சொல்வோரும் உண்டு.

இந்த இரண்டு பேச்சும் தவறு.

பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வாழ்ந்து காட்டி இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். மற்றவர்களின் உயிரைக் காப்பாற்றும் வேலையில் இறங்கியவர்களும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரின் கதையை முதலில் பார்ப்போம்.

19 வயது வாலிபர்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. கடலோரத்தில் உள்ள நகரம். கெவின் ஹைன்ஸ் அந்த ஊரில் வளர்ந்தவர்.

அவரைப் பெற்றவர்களால் அவரை வளர்க்க முடியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே வேறு ஒரு தம்பதிகள் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளை போலப் பாசத்துடன் வளர்த்தார்கள்.

கெவினுக்கு 17 வயது ஆனபோது ஒரு மனநோய் வந்தது.

அந்த நோய் வந்தவர்களுக்கு ஒரு சமயம் அளவுக்கு மீறிய உற்சாகம் இருக்கும். தூக்கம் வராது. மலையைக்கூடப் புரட்டிவிடலாம் என்று தோன்றும். இன்னொரு சமயம் அளவுக்கு மீறிய சோர்வு வந்துவிடும். எழுந்து உட்காரக்கூட மனம் வராது. "இருமுனை மனநோய்" என்று டாக்டர்கள் இதைச் சொல்கிறார்கள்.

கெவினுக்கு இதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் யாரோ பேசுவது போலக் குரல் கேட்கும். "நீ எல்லோருக்கும் பாரம், செத்துப் போ" என்று அந்தக் குரல் சொல்லும்.

டாக்டர் மருந்து கொடுத்தார். ஆனால் கெவின் தன்னுடைய துன்பத்தை யாரிடமும் முழுவதாகச் சொல்லவில்லை. அப்பா கேட்டால் நன்றாக இருப்பதாகச் சொல்வார். நண்பர்களிடம் சிரித்துப் பேசுவார். உள்ளுக்குள் வெந்துகொண்டு இருந்தார்.

ஒருவரும் கேட்கவில்லை

2000-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். கெவினுக்கு அப்போது 19 வயது.

அன்று அவர் பஸ்சில் ஏறி உட்கார்ந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டு இருந்தது. பஸ்சில் நிறையப் பேர் இருந்தார்கள்.

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "தம்பி, உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று அவர் மனதுக்குள் முடிவு செய்து வைத்து இருந்தார்.

ஒருவரும் கேட்கவில்லை.

பஸ் அந்த ஊரின் பெரிய தொங்கு பாலத்துக்கு அருகே போய் நின்றது. உலகம் முழுவதும் பெயர் பெற்ற பாலம் அது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அங்கே திரண்டு நிற்பார்கள்.

ஒரு பெண் கெவினை நோக்கி வந்தார். இவராவது கேட்கப் போகிறார் என்று கெவின் நினைத்தார். அந்தப் பெண்ணோ கேமராவை நீட்டி, தன்னைப் படம் பிடித்துத் தரும்படி கேட்டார். கெவின் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த உலகத்தில் யாருக்கும் தன் மேல் அக்கறை இல்லை என்று கெவினுக்குத் தோன்றியது. அவர் துணிந்துவிட்டார்.

துணிந்த அந்த விநாடியே அவருடைய மனம் மாறிவிட்டது!

பெரிய தவறு செய்துவிட்டோமே, சாக எனக்கு விருப்பம் இல்லையே என்று பதறியதாகக் கெவின் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லி இருக்கிறார்.

அப்படிப்பட்ட ஆபத்தில் இருந்து தப்பியவர்கள் மிகச் சிலர். கெவின் அந்தச் சிலரில் ஒருவர். தண்ணீரில் தத்தளித்தபோது ஒரு பிராணி தன்னைக் கீழே இருந்து முட்டி மேலே தாங்கியதாக அவர் சொல்கிறார். அது "கடல் சிங்கம்" என்ற பிராணி என்று பிறகு தெரிய வந்ததாம். கடலோரக் காவல் படையினர் விரைந்து வந்து அவரைப் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள்.

தந்தை வந்தார்

கெவினின் முதுகெலும்பு நொறுங்கி இருந்தது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள்.

தகவல் கேட்டுத் தந்தை ஓடி வந்தார். மனதை வெளியே காட்டாதவர் அவர். அவர் கண்ணீர் விட்டு கெவின் பார்த்ததே இல்லை. அன்று மகனைப் பார்த்ததும் தந்தையின் கண்ணில் நீர் அருவியாகக் கொட்டியது.

கெவின் மன்னிப்புக் கேட்டார். தந்தை கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று குறுக்கு விசாரணை செய்யவில்லை. "குடும்ப மானத்தைக் கெடுத்துவிட்டாயே" என்று திட்டவில்லை. உனக்குக் குணமாகிவிடும் என்று தைரியம் சொன்னார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்ததாகக் கெவின் சொல்கிறார்.

ஒரே நாளில் குணமாகவில்லை

சினிமாவாக இருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். "அதன் பிறகு அவர் சுகமாக வாழ்ந்தார்" என்று வணக்கம் போட்டுவிடுவார்கள்.

வாழ்க்கையில் அப்படி நடக்காது. கெவினுக்கும் நடக்கவில்லை.

எலும்பு சேர்ந்தது. ஆனால் மனநோய் உடனே போகவில்லை. அதன் பிறகும் பல தடவை மனநோய் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் பின்னரும் தலை தூக்கியது. இப்போதும் சில நாட்களில் அந்த எண்ணம் வருவதாக அவர் ஒளிக்காமல் சொல்கிறார்.

அப்படியானால் என்ன மாறியது?

முன்பு அந்த எண்ணத்தை அவர் மறைத்தார். இப்போது மறைப்பது இல்லை. எண்ணம் வந்த உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறார். "எனக்கு உதவி வேண்டும்" என்று வாயைத் திறந்து கேட்கிறார். உதவியும் கிடைக்கிறது. அந்த நேரமும் கடந்துபோகிறது.

மருந்தை நேரம் தவறாமல் சாப்பிடுகிறார். வேளைக்குத் தூங்குகிறார். உடற்பயிற்சி செய்கிறார். டாக்டரிடம் முறையாகப் போய் வருகிறார். நீரிழிவு உள்ளவர் உணவையும் மருந்தையும் கவனித்துக்கொள்வது போல இவர் தன் மனதைக் கவனித்துக்கொள்கிறார்.

கெவினுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

பிள்ளைகள் எழுதிய கடிதம்

உயிர் பிழைத்த கொஞ்ச காலத்தில், ஒரு பாதிரியார் கெவினிடம் ஒரு யோசனை சொன்னார். "உனக்கு நடந்ததை மற்றவர்களிடம் பேசு" என்பதே அந்த யோசனை. கெவின் முதலில் தயங்கினார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் போய்ப் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே படித்தார்.

கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகளிடம் இருந்து கடிதங்கள் வந்தன. மனக்கஷ்டத்தில் இருந்த பிள்ளைகள் அதை வெளியே சொல்லத் துணிந்து இருந்தார்கள். அவர்களுக்கு உதவி கிடைத்தது.

இதுதான் இனி என் வேலை என்று கெவின் தீர்மானித்தார். நாடு நாடாகச் சென்று பேசினார். 2013-ம் ஆண்டில் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 2018-ல் ஒரு படமும் வெளியிட்டார்.

அந்தப் பாலத்தில் பாதுகாப்பு வலை கட்ட வேண்டும் என்று கெவினும் அவருடைய தந்தையும் விடாமல் கேட்டு வந்தார்கள். பிள்ளைகளை இழந்த பல பெற்றோர்களும் சேர்ந்து கேட்டார்கள். வலை கட்டலாம் என்று 2008-ல் முடிவாயிற்று. 2024-ம் ஆண்டு ஜனவரியில் வேலை முடிந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் இப்போது உறுதியான எஃகு வலை இருக்கிறது.

100-க்கு 94 பேர்

"ஒரு இடத்தில் தடுத்தால் வேறு இடத்துக்குப் போவான். தடுத்து என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு.

இந்தக் கேள்விக்கு ரிச்சர்டு சைடன் என்ற பேராசிரியர் பதில் கண்டுபிடித்தார். அவர் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர்.

1937-ம் ஆண்டில் இருந்து 1971-ம் ஆண்டு வரை அதே பாலத்தில் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர்களின் பட்டியலை அவர் எடுத்தார். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினார். 1978-ல் தன் முடிவை வெளியிட்டார்.

அவர்களில் 100-க்கு சுமார் 94 பேர் உயிரோடு இருந்தார்கள். அல்லது வயதாகியும் நோய் வந்தும் இயற்கையாக இறந்து இருந்தார்கள்.

மற்ற நாடுகளில் நடந்த பல ஆராய்ச்சிகளை இங்கிலாந்து டாக்டர்கள் தொகுத்து 2002-ல் வெளியிட்டார்கள். அதன் முடிவும் இதுதான். ஒரு தடவை தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டு பிழைத்தவர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் பிற்காலத்தில் அந்த வழியில் சாகவில்லை.

இதற்குக் காரணம் என்ன?

சாக வேண்டும் என்ற எண்ணம் கடல் அலை மாதிரி. சீறிக்கொண்டு எழும்பும். உச்சிக்குப் போகும். பிறகு இறங்கிவிடும். அந்த உச்சி நேரத்தில் ஒருவரைக் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலும் அவர் தப்பிவிடுவார்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பிழைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து அதிகம்தான். அதுவும் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். பயந்து நடுங்க வேண்டாம். அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

நோயாளியே வைத்தியர் ஆனார்

இன்னொரு கதையும் கேளுங்கள். இது ஒரு பெண்ணின் கதை.

மார்ஷா லினஹான் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் ஓக்லகாமா மாநிலத்தில் பிறந்தவர். 1961-ல், 17 வயதில், அவரை ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தன் உடம்பில் தானே காயம் செய்துகொள்வார். சாக வேண்டும் என்பார். அவரைத் தனி அறையில் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

இந்த நரகத்தில் இருந்து நான் வெளியே வருவேன், வந்த பிறகு மற்றவர்களையும் வெளியே கொண்டுவருவேன் என்று மார்ஷா சபதம் செய்துகொண்டார்.

வெளியே வந்தார். பகலில் வேலை பார்த்து, இரவில் படித்தார். டாக்டர் பட்டம் வாங்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஆனார். திரும்பத் திரும்பச் சாக முயல்பவர்களுக்கு என்றே ஒரு புதிய சிகிச்சை முறையை உண்டாக்கினார். 1991-ல் அந்தச் சிகிச்சையின் பலனை வெளியிட்டார்.

மனதின் கொந்தளிப்பைத் தாங்கிக்கொள்ளப் பழகுவது, கோபம் வரும்போதும் துக்கம் வரும்போதும் என்ன செய்வது என்று பயிற்சி பெறுவது, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொண்டு மாற்ற வேண்டியதை மாற்றுவது - இவைதான் அந்தச் சிகிச்சையின் சாரம். இன்று பல நாடுகளில் இதைக் கையாளுகிறார்கள்.

அந்தப் பேராசிரியையே ஒரு காலத்தில் நோயாளியாக இருந்தவர் என்பது வெளி உலகத்துக்குத் தெரியாது. 2011-ம் ஆண்டில், தான் அடைபட்டு இருந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் அவரே அதைச் சொன்னார்!

சென்னையில் நடந்த அதிசயம்

அமெரிக்காவில் பணம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, நம் ஊரில் என்ன செய்ய முடியும் என்று சிலர் நினைக்கலாம்.

நம் ஊரிலும் செய்து காட்டி இருக்கிறார்கள். அதிகச் செலவு இல்லாமலே செய்து காட்டி இருக்கிறார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. சென்னை, இலங்கையில் கொழும்பு, பிரேசில், ஈரான், சீனா ஆகிய ஐந்து இடங்களில் அது நடந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர்களை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள்.

இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். இந்த எண்ணம் ஏன் வருகிறது, மறுபடியும் வந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது என்று விளக்கிச் சொன்னார்கள். வீட்டுக்குப் போன பிறகு, டெலிபோனிலோ நேரில் போயோ, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரித்தார்கள். ஒன்றரை ஆண்டில் மொத்தம் 9 தடவை விசாரித்தார்கள். முதல் மாதங்களில் அடிக்கடி. பிறகு இடைவெளி விட்டு. அவ்வளவுதான்!

முடிவு என்ன தெரியுமா?

விசாரிக்கப்படாத பிரிவில், ஒன்றரை ஆண்டுக்குள் 1,000-க்கு 22 பேர் என்ற கணக்கில் தற்கொலையால் இறந்துபோனார்கள். விசாரிக்கப்பட்ட பிரிவில் 1,000-க்கு 2 பேர்!

2008-ல் இந்த முடிவு வெளியாயிற்று. சென்னையில் இந்த வேலையை நடத்தியவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-ம் ஆண்டில் சென்னையில் "சினேகா" என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கியவர் இவரே. மனம் நொந்தவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதே அந்த ஸ்தாபனத்தின் வேலை.

கடிதம் எழுதிய டாக்டர்

விசாரிப்பதற்கு இத்தனை சக்தியா என்று கேட்கிறீர்களா?

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநோய் டாக்டர் இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து போன பிறகு, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று நின்றுவிட்ட 843 பேர்களை அவர் எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்குச் சும்மா கடிதம் எழுதினார்.

நீண்ட கடிதம் அல்ல. இரண்டு மூன்று வரிதான். "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எழுத விரும்பினால் எழுதுங்கள்" என்ற மாதிரி இருக்கும். புத்திமதி கிடையாது. மருந்து சாப்பிட்டாயா என்ற கேள்வி கிடையாது. ஐந்து ஆண்டுகள் விடாமல் எழுதினார்.

கடிதம் வந்தவர்களிடையே சாவு குறைந்தது. அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளில் நன்றாகவே குறைந்தது.

ஒருவரை மற்றொருவர் நினைத்துப் பார்க்கிறார் என்ற எண்ணமே ஓர் உயிரைப் பிடித்து வைக்கிறது.

குற்றம் அல்ல

முன்பு இந்தியாவில் சாக முயன்று பிழைத்தவர் மீது வழக்குப் போடலாம் என்று சட்டம் இருந்தது. 1860-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் போட்ட தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு அது. ஒரு வருடம் வரை ஜெயிலோ, அபராதமோ விதிக்கலாம்.

ஏற்கனவே நொந்தவனைப் போலீசும் கோர்ட்டும் மேலும் நோகச் செய்தன. வழக்குக்குப் பயந்து, "தவறி நடந்துவிட்டது" என்று குடும்பத்தார் பொய் சொன்னார்கள். அதனால் சரியான சிகிச்சையும் கிடைக்காமல் போயிற்று.

2017-ம் ஆண்டில் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாக முயன்றவர் கடுமையான மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை அளித்து மறுவாழ்வு கொடுப்பது சர்க்காரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி புதிய தண்டனைச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் பழைய 309-வது பிரிவு இல்லை. அரசாங்க ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ, அவர் கடமையைத் தடுக்கவோ அப்படி முயல்வது மட்டும்தான் இப்போது குற்றம்.

இலங்கையில் 1998-லேயே இந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2020-ல் நீக்கினார்கள். மலேசியாவில் 2023-ல் நீக்கினார்கள்.

ஆகவே, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் பயப்பட வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

பிழைத்தவர் வீட்டுக்கு வருகிறார். அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்குக் கோபம். அண்ணனுக்கு வெட்கம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வேடிக்கை. இந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலாவது: குற்றம் சாட்டாதீர்கள். "எங்களை நினைத்துப் பார்த்தாயா?" என்று கேட்காதீர்கள். அவர் தன்னை ஒரு பாரம் என்றே நினைத்துக்கொண்டு இருந்தார். அந்தக் கேள்வி பாரத்தை இன்னும் கூட்டும். "நீ இருப்பது எங்களுக்குச் சந்தோஷம்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது: பேசுவதைக் கேளுங்கள். உடனே புத்திமதி சொல்ல வேண்டாம். "இதற்குப் போயா?" என்று சொல்ல வேண்டாம். உங்களுக்குக் கடுகாகத் தெரிவது அவருக்கு மலையாக இருந்து இருக்கும்.

மூன்றாவது: நேராகக் கேளுங்கள். "சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதும் வருகிறதா?" என்று அன்பாகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. கேட்டால் அவருடைய பாரம் குறையும்.

நான்காவது: ஆபத்தான பொருள்களை வீட்டில் வைக்காதீர்கள். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை கொடுங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் இருக்கவே கூடாது. கடலூர் மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில், விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அங்கே தற்கொலைகள் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

ஐந்தாவது: டாக்டரிடம் மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள். உடம்பு சரியானதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடம்புக் காயம் ஆறினால் போதாது. மனக்காயமும் ஆற வேண்டும்.

ஆறாவது: வேவு பார்க்காதீர்கள், துணையாக இருங்கள். இரவும் பகலும் பின்னாலேயே போனால் அவருக்கு மூச்சு முட்டும். சேர்ந்து சாப்பிடுங்கள். சேர்ந்து கடைத் தெருவுக்குப் போங்கள். சின்னச் சின்ன வேலைகளைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். தான் இந்த வீட்டுக்கு வேண்டியவர் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

வீட்டார்களே, உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் தூக்கம் கெட்டு இருக்கும். நீங்களும் நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள்.

ஒரு காகிதம் போதும்

பிழைத்தவர்களுக்கு டாக்டர்கள் ஒரு காரியம் கற்றுக்கொடுக்கிறார்கள். இதற்கு ஒரு காகிதமும் ஒரு பேனாவும் போதும். மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், டாக்டரோ வீட்டில் ஒருவரோ பக்கத்தில் இருக்க, கீழ்க்கண்டவற்றை எழுத வேண்டும்.

1. அந்த எண்ணம் வரப்போகிறது என்பதற்கு என்ன அடையாளம்? (தூக்கம் வராமை, தனியாக இருக்கத் தோன்றுவது போல.)

2. நானே செய்யக்கூடியது என்ன? (நடந்துவிட்டு வருவது, குளிப்பது, பாட்டுக் கேட்பது போல.)

3. மனதை மாற்ற யாரைப் பார்க்கலாம், எங்கே போகலாம்?

4. உண்மையைச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர் யார்? அவர் டெலிபோன் நம்பர் என்ன?

5. என் டாக்டர் யார்? எந்த ஆஸ்பத்திரி?

6. ஆபத்தான பொருள்களை என்னிடம் இருந்து தள்ளி வைப்பவர் யார்?

இந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலோ, கைப்பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். அலை உச்சிக்குப் போகும் நேரத்தில் யோசிக்க முடியாது. அப்போது இந்தக் காகிதம் யோசிக்கும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கிறவர்களில், சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவரும் இருக்கலாம்.

நீங்கள் கோழை அல்ல. பாவியும் அல்ல. தாங்க முடியாத வலி வந்தது. அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. வழிகள் இருக்கின்றன.

எண்ணம் மறுபடியும் வந்தால், "நான் தோற்றுவிட்டேன்" என்று நினைக்காதீர்கள். குணமாகி வருகிறவருக்கும் சில நாள் காய்ச்சல் அடிப்பது இல்லையா? வந்தது என்று ஒருவரிடம் சொல்லுங்கள். அது போதும்.

ஊர் பேசும். கொஞ்ச நாள் பேசிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடும். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். "உடம்பு சரியில்லாமல் இருந்தேன், இப்போது தேறி வருகிறேன்" என்று சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல.

வேலைக்கும் படிப்புக்கும் மெல்லத் திரும்புங்கள். ஒரு நாளைக்கு ஒரு நாள் என்று வாழுங்கள்.

பேச ஆள் வேண்டுமா?

14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சர்க்கார் நடத்தும் "டெலி மானஸ்" சேவை அது. 2022-ல் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கும் பேசலாம். சென்னை "சினேகா"வின் எண் 044-24640050.

ஆபத்து உடனடியாக இருந்தால், தனியாக விடாமல் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பஸ்சிலோ, ரெயிலிலோ, பக்கத்து வீட்டிலோ கண் கலங்கி ஒருவர் உட்கார்ந்து இருப்பதைப் பார்த்தால் பேசாமல் போய்விடாதீர்கள். "என்ன கஷ்டம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதற்குக் காசு செலவு இல்லை. ஆனால் ஓர் உயிர் அதில் தொங்கிக்கொண்டு இருக்கலாம்.